கயாக்கில் இருந்து மஸ்கி: ஒரே ஒரு தடி வாங்குவதென்றால்

ஏஜக்ஸில் இருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருந்தார்: "மகனுக்குப் பதினைஞ்சு வயசு. ரெண்டு வருஷமா பாஸ் மீன் பிடிக்கிறான். இப்ப கயாக்கில போய் மஸ்கி பிடிக்கப் போறானாம். பிறந்தநாளுக்குத் தடி ஒண்டு வேணுமாம். எல்லாத்துக்கும் சரிவாற மாதிரி ஒண்டு சொல்லுங்கோ. அதோட, இது ஆபத்தில்லையோ எண்டும் சொல்லுங்கோ."

இரண்டு கேள்வி கேட்டதாக அவர் நினைத்திருப்பார். கயாக் என்று வந்துவிட்டால் இரண்டும் ஒரே கேள்விதான். பெரிய படகில் தடி பொருந்தாவிட்டால் மீன் தப்பும், அவ்வளவுதான். கயாக்கில் தடி பொருந்தாவிட்டால் மீனைப் பக்கத்தில் கொண்டுவர நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுக்கப் பிள்ளை ஒரு பக்கம் சாய்ந்தபடி இருப்பான். மீனும் களைத்து, விட்ட பிறகு செத்துப்போகும். அதனால் இந்தமுறை பத்தி பெரும்பாலும் தடியைப் பற்றித்தான்.

மஸ்கியைப் பார்த்திராதவர்கள் ஊர்ச் சீலாவை நினைத்துக்கொள்ளுங்கள். அதே நீட்டு உடம்பு, அதே நீண்ட வாய், அதே பல். அதை நன்னீரில் விட்டு, பச்சையும் மண்ணிறமும் கலந்து மேலே வரி போட்டால் மஸ்கி. இரண்டுக்கும் உறவுமுறை எதுவும் கிடையாது, சாயல் மட்டும்தான். பெயர் ஒஜிப்வே மொழியில் இருந்து வந்தது. ஒன்ராறியோவில் பதிவான ஆகப் பெரிய மஸ்கி 1988 இல் ஜோர்ஜியன் குடாவில் கென் ஓப்ரையன் பிடித்தது. 65 இறாத்தல், கிட்டத்தட்ட 30 கிலோ. பயப்பட வேண்டாம், மார்க்கத்தில் இருந்து ஒரு மணித்தியாலம் ஓடிப் போய் உங்கள் பிள்ளை பிடிக்கப்போவது அதில்லை. ஸ்கூகொக், பிஜன், பக்ஹோர்ன், செமொங் போன்ற கவார்த்தா ஏரிகளில் மஸ்கி எண்ணிக்கையில் அதிகம், உருவத்தில் அடக்கம். 30, 40 அங்குல மீன்கள்தான் வழமை. ஆனால் 40 அங்குலம் என்றால் ஒரு மீற்றர். அது படகோரத்தில் வந்து திரும்பிப் பாயும்போது கயாக்கையே தன் பக்கம் இழுக்கும்.

இந்த மீனைப் பிடிக்கிறவர்கள் 'பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன்' என்று சொல்லிக்கொள்வார்கள். கணக்கு சரியோ பிழையோ, தடி வாங்கும்போது மனதில் வைக்க வேண்டிய விஷயம் அதுதான். மீன் தடியில் இருக்கப்போவது சில நிமிடம். மற்ற நேரமெல்லாம் தடி பிள்ளையின் கையில்தான் இருக்கப்போகிறது.

'எல்லாத்துக்கும் சரிவாற' தடி ஏன் வேண்டும் என்பதற்கு நல்ல காரணமும் உண்டு. கவார்த்தாவில் ஒரு ஆளுக்கு ஒரு தூண்டில்தான் தண்ணீரில் இருக்கலாம். கயாக்கிலும் ஐந்து தடி அடுக்க இடம் இல்லை. படகுக்காரர் சின்ன லூருக்கு ஒன்று, ரப்பருக்கு ஒன்று, இழுத்துப் போக ஒன்று என்று வைத்திருப்பார். எங்களுக்கு ஒன்று, மிஞ்சினால் உடைந்தால் மாற்ற இன்னொன்று.

கடைக்குப் போகமுதல் லூர்ப் பெட்டியைத் திறந்து பாருங்கள். லூர் என்றால் செயற்கை இரை. அதன் நிறையை அவுன்சில் எழுதியிருப்பார்கள், ஒரு அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம். பாஸ் மீனுக்கு வீசும் லூர் பெரும்பாலும் ஒரு அவுன்சுக்கு உள்ளேதான். மஸ்கி லூர்கள் இரண்டில் தொடங்கிப் பத்துக்கு மேலும் போகும். ஆனால் கயாக்கில் இருந்துகொண்டு பத்து அவுன்ஸ் ரப்பரை நாள் முழுக்க வீச ஏலாது. பெரியவர்களுக்கே தோள் விட்டுப்போகும், பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லவேண்டியதில்லை. இரண்டு அவுன்ஸ் சுழல் தகட்டு லூர், மயிர்க்கற்றை கட்டியது, ஒன்றிரண்டு; நீர்ப்பூண்டுக்கு மேலாக இழுக்க ஒரு மேற்பரப்பு லூர்; நான்கு அவுன்ஸ் அளவில் ஒரு மென்ரப்பர்; ஆழத்தில் ஓட ஒரு மரமீன். கவார்த்தாவுக்கு இது போதும், மிச்சமெல்லாம் கடைக்காரரின் சந்தோஷத்துக்கு.

அப்படியென்றால் தடியில் அச்சடித்த அளவு இரண்டில் தொடங்கி ஆறு அல்லது எட்டு அவுன்சில் முடிய வேண்டும். 'ஹெவி', 'மீடியம் ஹெவி' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதேங்கோ. அதற்குப் பொது அளவுகோல் கிடையாது, ஒவ்வொரு நிறுவனமும் தன் எண்ணப்படி எழுதும். பாஸ் தடியில் 'ஹெவி' என்றால் ஒன்றரை அல்லது இரண்டு அவுன்சோடு நின்றுவிடும். மஸ்கித் தடியில் அதே சொல் எட்டு அவுன்ஸைக் குறிக்கலாம். "வீட்டில ஹெவி ஒண்டு ஏற்கெனவே கிடக்கு, அது காணும்" என்று அப்பாமார் சொல்வது இந்தச் சொல்லை நம்பித்தான். நான்கு அவுன்ஸ் ரப்பரைக் கட்டி அந்தத் தடியால் முழுமூச்சில் வீசினால் தடி நடுவால் முறியக்கூடும். முறியாவிட்டாலும் மீனின் கடினமான வாயில் முள் ஏறாது.

'எக்ஸ்ட்ரா ஹெவி' பக்கமும் போக வேண்டாம். அது நின்றுகொண்டு பெரிய ரப்பர் வீசுகிறவர்களுக்கு. இரண்டு அவுன்ஸ் லூரை அது வளைந்தே வீசாது, கைதான் நோகும்.

நீளத்தில்தான் கயாக் கதை வேறு. மஸ்கிக்காரர் இப்போது ஒன்பது அடி, ஒன்பதரை அடி என்று போய்க்கொண்டிருக்கிறார்கள். காரணம் உண்டு. மஸ்கி லூருக்குப் பின்னாலேயே வந்து படகோரத்தில் நின்று பார்க்கிற மீன். அப்போது லூரைத் தூக்காமல் தடி நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி எட்டுப் போட வேண்டும். ஊரில் மோட்டார் சைக்கிள் லைசென்சுக்கு எட்டுப் போட்டவர்களுக்கு உடனே விளங்கும்: வளைவு அகலமாக இருக்க வேண்டும். ஒரு மீற்றர் மீன் குறுகிய வளைவில் திரும்பாது. உயரமான படகில் நின்று அகலமாகப் போட நீளத் தடி உதவும். கயாக்கில் நாங்கள் தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம். குறுகின தடியின் நுனிகூட ஆழத்துக்குப் போகும். ஆகவே அந்த நீளம் முழுவதும் எங்களுக்குத் தேவைப்படாது.

அதற்காக ஆறரை அடிக்கும் இறங்க முடியாது. பன்னிரண்டு அடிக் கயாக்கில் நடுவில் இருந்தால் முன்னுக்கு ஆறு அடி நீட்டிக்கொண்டிருக்கும். மீன் முன்னால் சுற்றி மற்றப் பக்கம் ஓடினால், தடி நுனி கயாக்கின் மூக்கைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் நூல் அடிப்பக்கத்தில் உரசும், பிள்ளை எட்டிப் பிடிக்க முன்னுக்குச் சாய்வான். ஏழு அடித் தடி கையை நீட்டினால் மட்டுமட்டாகத் தாண்டும், எட்டு அடி தாராளமாகத் தாண்டும். ஒன்பது அடியில் வேறு கரைச்சல்: கடைசியில் மீன் தடி நீளத்துக்கு அங்காலே நிற்கும். ஒரு கையில் தடியை உயர்த்திப் பிடித்து மற்றக் கையால் வலையை எட்டவேண்டும். இருந்த இடத்தில் இருந்து அது எட்டாது. எட்டப் போனால் கயாக் சரியும்.

ஆகவே எட்டு அடி. ஏழரை அடியும் பிழையில்லை, உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு அதுவே மேல்.

விற்பனைப் பட்டியலில் பெரும்பாலும் எழுதாத ஒன்றையும் கவனியுங்கள்: பின்பிடி, றீலுக்குப் பின்னால் இருக்கிற பகுதி. மஸ்கித் தடிகளில் இது ஒரு முழத்துக்குக் கிட்ட வரும். நின்று வீசுகிறவர் இரண்டாவது கையை அதில் வைத்து நெம்புவார். கயாக்கில் உயிர்காப்பு அங்கி போட்டு இருந்தால் அந்த முழக் கட்டை ஒவ்வொரு வீச்சிலும் அங்கியில் கொளுவும், எட்டுப் போடும்போது விலாவில் இடிக்கும், இல்லாவிட்டால் இருக்கையில் தட்டும். ஒரு அடி அல்லது அதைவிடச் சற்றுக் கூடிய பின்பிடி எங்களுக்குக் காணும். நல்ல தடி கிடைத்து பிடி மட்டும் நீளம் என்றால், தடி கட்டித் தருகிறவர்கள் வெட்டிக் குறுக்கித் தருவார்கள். அதற்குப் பிறகு உத்தரவாதம் செல்லுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இதைச் சோதிக்க ஒரு வழிதான் தெரியும். வோன் மில்ஸில் இருக்கிற பாஸ் புரோ கடையோ, வேறெந்தக் கடையோ, உயிர்காப்பு அங்கியையும் கொண்டு போங்கோ. பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு தரையில் காலை நீட்டி இருக்கட்டும். தடியைக் கையில் குடுத்து, வலம் இடமாக எட்டுப் போடச் சொல்லுங்கள். சனம் பார்க்கும், பார்க்கட்டும். எங்கட சனம் தங்கக்கடையில் அரைப் பவுன் சங்கிலியை இருபது தரம் கழுத்தில் வைத்துப் பார்க்கிறதை யாராவது குறை சொன்னார்களோ?

எந்த நிறுவனம் என்று அந்தத் தாய் கேட்கவில்லை, நல்லது. 150 முதல் 250 டொலருக்குள் நாள்கணக்கில் உழைக்கும் தடிகள் உண்டு. அதற்கு மேல் கொடுக்கும் காசில் கிடைப்பது பாரக் குறைவு. வளர்கிற பிள்ளைக்கு அந்தக் காசை நல்ல வலைக்கும் அங்கிக்கும் போடலாம். தனிக் கிராஃபைட்டை விடக் கண்ணாடி நார் கலந்த தடியை நான் விரும்புவேன். சற்றுப் பாரம்தான், ஆனால் கயாக்கின் விளிம்பில் அடிபட்டாலும் தாங்கும், மீன் திடீரெனத் திரும்பும்போது வளைந்தும் கொடுக்கும்.

காரையும் மறக்காதேங்கோ. எட்டு அடி என்றால் 244 சென்ரிமீற்றர். மினிவானில் பின்கதவில் இருந்து முன்னிருக்கைகளுக்கு நடுவால் நீட்டலாம். கொரொல்லாவில் ஒரு துண்டாகப் போகாது. இரண்டு துண்டாகக் கழற்றும் தடி, அல்லது பின்பிடி உள்ளே தள்ளிச் சுருங்கும் தடி வாங்கினால் பிரச்சினை முடிந்தது. இரண்டு துண்டுத் தடி பலவீனம் என்பது பழைய கதை. பொருத்தை நாளுக்கு இரண்டு தரம் இறுக்கிப் பார்த்தால் போதும். அரிசி மூட்டையும் பெட்டி ஃப்ரீசரும் நிற்கிற கராஜில் எட்டு அடியை நிமிர்த்தி வைக்கவும் இடம் வேண்டுமே.

றீலும் நூலும் சுருக்கமாக. 300 அல்லது 400 அளவுள்ள பெயிற்காஸ்டர். 80 இறாத்தல் பின்னல் நூல். ஊரில் தங்கூசி என்போமே, அந்த நைலோன் வேண்டாம், அது இழுபடும். "இருபது இறாத்தல் மீனுக்கு எண்பது இறாத்தல் நூல் எதுக்கு?" என்று கேட்பீர்கள். நூல் சிக்கி நின்றால் நான்கு அவுன்ஸ் லூர் அறுத்துக்கொண்டு பறக்கும், எண்பது அதைத் தாங்கும். பல்லுக்கு எதிராக நுனியில் ஒரு அடிக்குக் குறையாத கம்பி, அல்லது 100 இறாத்தலுக்கு மேற்பட்ட தடித்த புளோரோகார்பன். இது இல்லாமல் வீசினால் வாயில் மூன்று முள்ளோடு மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு வருவீர்கள்.

கயாக்கில் துடுப்புப் போட்டபடி லூரை இழுத்துக்கொண்டு போவதும் நல்ல முறை. கை ஆறும், ஏரியும் விளங்கும். அதற்கும் இதே தடி போதும். தாங்கியை முதுகுக்குப் பின்னால் பூட்டாமல் முழங்காலுக்கு முன்னால் பூட்டுங்கள். மீன் கொளுவினவுடன் பின்னால் திரும்பித் தடியை உருவுவதுதான் கயாக் கவிழும் தருணம்.

ஆபத்து என்று அந்தத் தாய் கேட்டதற்கு இங்கே வருகிறேன். ஸ்கூகொக் ஏரி, 1830களில் லின்சியில் ஆலைக்காகக் கட்டிய அணையால் தண்ணீர் பரந்து இன்றைய உருவத்துக்கு வந்தது. ஆழம் குறைவு, பரப்பு பெரிசு. அப்படியான ஏரியில் காற்று எழும்பினால் கொஞ்ச நேரத்தில் குட்டையான, செங்குத்தான அலை வரும். கனடாச் சட்டம் கயாக்கில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்கவேண்டும் என்கிறது, போட்டிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டுச் சட்டம் அதைவிடக் கடுமையாக இருக்கட்டும்: பூட்டிப் போட்டால் மட்டும்தான் கயாக் கரையை விட்டு நகரும். மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்தண்ணீருக்குச் சொல்லும் கணக்கு 1-10-1. விழுந்தால் மூச்சை அடக்க ஒரு நிமிடம், கைகால் சொல்வழி கேட்கப் பத்து நிமிடம், குளிரில் நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். ஒக்ரோபர், நவம்பரில்தான் பெரிய மஸ்கி கிடைக்கும் என்று பிள்ளை சொல்வான். உண்மைதான். அந்த மாதங்களில் கயாக் வேண்டாம், கரையில் இருந்தோ பெரிய படகிலோ பிடிக்கட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கோடையிலும் எல்லை உண்டு. தண்ணீர் 27 பாகைக்கு வந்துவிட்டால் மஸ்கியைத் தேடிப் போகாமல் விடுவது வழக்கம். சூட்டில் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, போராடிக் களைத்த மீன் தேறாது. அன்றைக்குப் பாஸ் பிடிக்கட்டும். மற்ற நாட்களில் மீனை மடியில் தூக்கிப் படமெடுக்கும் ஆசையை விட்டு, பெரிய வலைக்குள் தண்ணீரிலேயே வைத்து நீண்ட மூக்குக் குறட்டால் முள்ளைக் கழற்ற வேண்டும். கழறாவிட்டால் முள் வெட்டும் குறடு. அந்தக் குறடு லூருக்காக மட்டுமில்லை, துள்ளுகிற மீனின் வாயில் ஒரு முள், பிள்ளையின் கையில் மற்ற முள் என்றாகிவிட்டால் அதுதான் காப்பாற்றும்.

விடுகிற விஷயத்தில் எங்கள் வீட்டில் எதிர்ப்பு அம்மாவிடம் இருந்து வந்தது.

"விடுறதுக்கெண்டால் ஏன் பிடிக்கிறியள்?"

"அது முப்பது வயசுவரைக்கும் இருக்கும், அப்பம்மா" என்றாள் மகள். "அப்பாவை விடக் கொஞ்சந்தான் இளமை."

"அப்ப மூத்த ஆக்களோட ஏன் மல்லுக்கட்டுறியள்?"

இதற்கு இன்றுவரை எங்களிடம் நல்ல மறுமொழி இல்லை. வயதுக் கணக்கு உண்மை. ரொறன்ரோவின் றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் எட் குரொஸ்மன் என்ற மீனியலாளர், மீன்பிடிப்பாளர்கள் அனுப்பிய மஸ்கிகளின் தோள் எலும்பில் உள்ள வளையங்களை எண்ணி வயது கண்டார். நாங்கள் ஸ்காபரோவில் உயர்பள்ளி படித்த காலத்தில் பொரித்த ஒன்று இன்றைக்கும் பிஜன் ஏரியில் திரியலாம். அம்மாவை அசைத்தது அதுவும் இல்லை. பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேரும், எந்த ஏரியில் எந்த மீனை எவ்வளவு தின்னலாம் என்று மாகாண அரசு வழிகாட்டியே போட்டிருக்கிறது என்று காட்டினோம். "பாதரசமோ? அப்ப விடுங்கோ. எப்பிடியும் குளத்து மீனுக்கு மண் மணம்." கறிக்கு இப்போது மகள் பேர்ச் கொண்டுவருகிறாள், மண் மணத்தைப் பற்றிக் கதை இல்லை.

அனுமதிப்பத்திரத்தையும் பார்த்துவிடுங்கள். 18 வயதுக்குக் கீழ் ஒன்ராறியோப் பிள்ளைகளுக்குத் தேவையில்லை. கூடப் போகிற அப்பாவோ அம்மாவோ தூண்டில் போட்டால் அவுட்டோர்ஸ் காட்டும் அனுமதியும் வேண்டும். 65 தாண்டிய தாத்தாவுக்கு வயதைக் காட்டும் அடையாள அட்டை போதும். குறைந்த விலைக் 'கொன்சர்வேஷன்' அனுமதியில் மஸ்கியை வைத்திருக்கவே கூடாது. விடுகிறவர்களுக்கு அது எப்படியும் போதும்.

இந்த விதிகளைப் பிள்ளை வாய்ப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2007 இல் சிம்கோ ஏரிக் கரையிலும் மாகாணத்தின் வேறு சில இடங்களிலும் ஆசிய முகமுள்ள மீன்பிடிப்பாளர்களைத் தண்ணீருக்குள் தள்ளினார்கள், தாக்கினார்கள். ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு விசாரித்து 2008 இல் 'பயமின்றி மீன்பிடித்தல்' என்ற பொருளில் அறிக்கை வெளியிட்டது. 'இவர்கள் விதி மீறிப் பிடிக்கிறார்கள்' என்பதுதான் அப்போது அடிக்கடி கேட்ட சாட்டு. விதி தெரிந்திருந்தால் தாக்கமாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை, தாக்குகிறவனுக்கு விதி ஒரு பொருட்டே இல்லை. ஆனால் யாராவது வந்து கேட்டால் பிள்ளை தலையைக் குனியாமல் பதில் சொல்ல முடியும். முதல் ஒரு வருஷம் நீங்களோ இன்னொரு பெரியவரோ இன்னொரு கயாக்கில் கூடப் போங்கள். தண்ணீரிலும் கரையிலும் அது உதவும்.

கவார்த்தாவில் மஸ்கிப் பருவம் ஜூன் முதல் சனிக்கிழமை திறக்கும். போகமுதல் மாகாணத்தின் அந்த வருடச் சுருக்கத்தைப் பாருங்கள், ஏரிக்கு ஏரி நீள அளவும் மாறும். தடியை மே மாதமே வாங்கி, முள் கழற்றிய லூரைக் கட்டி, பூங்காப் புல்லில் குட்டைக் கதிரையில் இருந்து வீசிப் பழகட்டும். நின்று வீசிப் பழகினால் பிரயோசனம் இல்லை. மகனுக்கு என் பிறந்தநாள் வாழ்த்து. வலை வாங்குவது மாமாவின் பங்கு என்று சொல்லிவிடுங்கள், நல்ல மஸ்கி வலை மலிவில்லை.